அப்பா லாரிக்கு ஒரு மாலை

ஆவணி, வெள்ளி இரவு

மகள் மலர் முதன்முதலாக வரைந்த படத்துக்கு இன்று கண்ணாடிச் சட்டம் வந்துவிட்டது. அவள் அப்பா லாரி ஓட்டும் படம். பசை போட்டால் தாள் பழுப்பேறிவிடும், முனைகளை மட்டும் செருகி வையுங்கள் என்று கடைக்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அதைச் சரியாகத்தான் செய்திருந்தார். கூடவே ஒரு சந்தன மாலையையும் மாட்டியிருந்தார்!

“அப்பா படம்னா மாலையோடதாம்மா கேப்பாக,” என்றார் பாவமாக.

“அவரு வீட்டுல சாப்டுட்டு இருக்காரு!” என்று கத்திவிட்டேன்.

அவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குக் கிளம்புகிற நாளில் இப்படியா? வீட்டுக்கு வந்து மாலையை ஒளிப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். மாலையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

“நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், அதுக்குள்ள மாலையா? கொண்டா, வண்டிக்குப் போடுவோம்.”

லாரியின் முன்பக்கம் மாலையைக் கட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

மலர் விடவில்லை. “அப்ப என் லாரிக்கும் மாலை வரையணும். கண்ணாடியக் கழட்டும்மா!”

நல்லவேளை, பசை போட விடவில்லை. பின்பலகையைக் கழற்றியதும் படம் அலுங்காமல் கைக்கு வந்தது. லாரியைவிடப் பெரிய மாலையாக வரைந்துவிட்டு, மஞ்சள் பென்சிலைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள்.

சட்டத்தை இன்னும் மூடவில்லை. அவர் நல்லபடியாகக் கேரளாவில் இறங்கிப் போன் பண்ணட்டும், பிறகு மூடலாம்.