புஷ்பத்தின் தம்பிக்காகக் கேட்டது

1959 ஜூன் 14, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. மலை தெரியவில்லை, தேயிலை தெரியவில்லை, எதிர் லயத்து வீட்டு வரிசை பாதிதான் தெரிகிறது. கூரையில் புதிதாக ஓர் ஒழுகல், சரியாக என் தலைமாட்டில்.

ஞாயிறு வகுப்பு. பதினான்கு பிள்ளைகள். உபதேசியார் எப்போதாவதுதான் லிந்துலையிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் நான்தான் டீச்சர். மூன்றாம் வகுப்போடு நின்ற நான்! மீதிப் படிப்பெல்லாம் கடையில் சீனி சுற்றித் தருகிற தாளில். துப்பறியும் தொடர்கதைத் தாள் என்றால் சீனியைக் கொட்டிவிட்டு அதைத்தான் முதலில் பிரிப்பேன். என்ன, கதையின் கடைசிப் பக்கம் மட்டும் எந்தத் தாளிலும் வந்ததில்லை.

இன்றைய பாடம்: பெரிய சிக்கல் வந்தால் கடவுளிடம் கேட்க வேண்டும், அவர் புத்தி கொடுப்பார். எனக்கு ரொம்பப் பிடித்த பாடம்!! அதிகமாகவே சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் போல. தொண்டை கட்டிவிட்டது.

பாதிப் பிள்ளைகள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை அங்கே, ஞாயிறு இங்கே. சின்னச்சாமி சொல்கிறான், "ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிருவோம் டீச்சர்."

"ஒங்களுக்கு என்னென்ன சிக்கல்? சொல்லுங்க, கேட்டுருவோம்" என்றேன். வந்தவை:

ஏழாம் வாய்ப்பாடு (மூன்று பேர்).
கன்றுக்குட்டி பாலையெல்லாம் குடித்துவிடுகிறது (சின்னச்சாமி).
அப்பா சம்பளத்தன்று நேராக வீட்டுக்கு வர வேண்டும் (பெயரை இங்கே எழுத மாட்டேன்).
டீச்சர் பாடாமல் இருக்க வேண்டும் (பின்வரிசைக் குரல். யார் என்று தெரியும். பார்த்துக்கொள்கிறேன்).

பிறகு புஷ்பம். எட்டு வயது. எழுந்து நின்று பாவாடையைத் திருகிக்கொண்டே, "எங்க தம்பி அம்மாகிட்ட பால் குடிக்க மாட்டேங்குது டீச்சர். அதுக்குக் குடுப்பாரா?"

யாரும் சிரிக்கவில்லை. தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவள் அம்மா செல்லம்மா அக்கா காய்ச்சலில் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில். தம்பி ராசுவுக்கு ஏழு மாதம். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் காமாட்சி அக்காதான் தன் பிள்ளையோடு சேர்த்து அவனுக்கும் பால் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். வியாழக்கிழமை செல்லம்மா அக்கா திரும்பி வந்தார். அவர் தூக்கினாலே ராசு வீறிடுகிறான். காமாட்சி அக்கா குடும்பமோ வருகிற சனிக்கிழமை டயகம தோட்டத்துக்கு வேலை மாறிப் போகிறது. அப்புறம் அவனுக்கு யார்?

"குடுப்பாரு" என்றேன். "ஒரு வாரத்துல." (ஏன் சொன்னேன்? வாய்!)

கண்ணை மூடிக் கேட்டோம். நடுவில் புஷ்பம் கிசுகிசுத்தாள். "கண்ண மூடிக்கிட்டாலும் சின்னச்சாமி பக்கத்துல இருக்கறது தெரியுது டீச்சர். மாட்டு வாசம்." எல்லாம் கொல்லென்று சிரித்தன. சின்னச்சாமி கன்றுக்குட்டியோடு படுக்கிறவன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்காகத்தான் கேக்குறோம், நீயே வெளையாடுறியா? வாய மூடிக்கிட்டு ஒக்காரு."

உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்டிப்போனது.

சாப்பாடு: ரொட்டி, சம்பல். ஒழுகலுக்கு அடியில் சட்டி வைத்தாயிற்று.

ஜூன் 15, திங்கள்

மழை. பிள்ளைக்காம்பராவில் (இனி பி.கா., கை வலிக்கிறது) இருபத்திரண்டு பிள்ளைகள். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாம்மாவும் நானும்தான். ஏணைத் தொட்டில் துணி ஒன்றுகூடக் காயவில்லை.

பத்து மணிக்குப் பால் நேரம். அம்மாமார் மலையிலிருந்து இறங்கி, தலையிலிருந்து போர்த்தி வந்த கம்பளியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே வந்து பால் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். செல்லம்மா அக்காவுக்கு வேலைக்குப் போக இன்னும் தெம்பில்லை. பால் நேரத்துக்கு மட்டும் லயத்திலிருந்து வந்தார். ராசுவை மடியில் போட்டதுதான் தாமதம், வில்லாக வளைந்து அழுகை. அரை மணி நேரம். கடைசியில் அவனை ஏணையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

காமாட்சி அக்கா பொறுத்துப் பார்த்தார். அப்புறம் அவனைத் தூக்கிக்கொண்டார். கப்சிப். செல்லம்மா அக்கா மறந்துபோன துண்டை எடுக்கத் திரும்பி வந்து நிற்கிறார்!

"ஏதோ வச்சுட்டா! எம் புள்ளைக்கு இவ ஏதோ வச்சுட்டா!"

"ஆமாடி, வச்சேன். பதினஞ்சு நாளு பால வச்சேன். வேற என்னத்தடி வச்சேன்?"

"இனிமே எம் புள்ளையத் தொடாத!"

"தொடல தாயி. நீயே வச்சுக்க."

மத்தியானம் தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் மருந்தையா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நின்றபடியே பேசுவார். "பால் கிடக்கு. பிள்ளை உறிஞ்சினால்தான் சுரக்கும். இன்னும் நாலைஞ்சு நாள் விட்டால் வத்திப்போகும், விளங்குதோ?" விளங்கியது. புட்டிப்பால் கொடுத்துப் பார்த்தோம். அப்படியே வாந்தி.

துப்பு 1: பதினைந்து நாள் முன்னால் வரை ஒழுங்காகக் குடித்தவன்.
துப்பு 2: ஆஸ்பத்திரியில் செல்லம்மா அக்காவுக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

கண்டுபிடித்துவிட்டேன்!!! முடிதான்! பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. கடவுளே, ஒரே நாளில் கொடுத்துவிட்டாயே!

ஜூன் 16, செவ்வாய்

முடி இல்லை.

நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும். ஆயாம்மாவிடம் சவுரி இரவல் வாங்கினேன். ("பத்திரமாடி, அது எங் கல்யாணத்துச் சவுரி.") செல்லம்மா அக்கா ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தார், எண்ணெய் தேய்க்க உட்காரும் சின்னப் பிள்ளை மாதிரி. கட்டிவிட்டேன். ராசு பார்த்தான். ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு சவுரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலறினான் பாருங்கள், மற்ற இருபத்தொன்றும் சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டன.

மூலையிலிருந்து யாரோ, "நாடகத்துக்கு ஆள் சேக்குறியா ரோசு?"

செல்லம்மா அக்கா திட்டவில்லை. சவுரியைச் சுருட்டி என் கையில் வைத்தார். "என்னய வேசம் கட்டித்தான் எம் புள்ளைக்குக் காட்டணுமா ரோசு?"

பி.கா.வுக்குப் பின்னால் போய் அழுதேன். அங்கேயும் மழை.

ஒன்று கவனித்தேன். ராசு அழும்போதெல்லாம் காமாட்சி அக்கா ரவிக்கை பாலில் நனைகிறது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.

ஜூன் 17, புதன்

மழை, காற்று. ராசு இன்று சத்தம் போட்டு அழவில்லை. சிணுங்கல் மட்டும். அதுதான் பயமாக இருக்கிறது. கஞ்சித் தண்ணீர் நாலு கரண்டி, பாதி வெளியே.

வழியில் சின்னச்சாமி கூட்டம். "டீச்சர், பதில் வந்திருச்சா?"

"இன்னும் நாலு நாள் இருக்குல்ல, போங்கடா."

கடையிலிருந்து பருப்பு சுற்றி வந்த தாளில் துப்பறியும் கதை. படிக்கவில்லை. அடுப்பில் போட்டேன்.

கடவுளிடம் இன்று கொஞ்சம் மரியாதையில்லாமல்தான் கேட்டேன். உங்கள் பெயரைச் சொல்லி வாக்குக் கொடுத்தது நான், தப்புத்தான், அதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று.

ஜூன் 18, வியாழன்

அவசரமாக எழுதுகிறேன். கோணல்மாணலாகத்தான் வரும்.

பால் நேரம். கொட்டுகிற மழை. வாசல் ஆணிகளில் ஒன்பது கம்பளி, எல்லாம் சொட்டிக்கொண்டு. புஷ்பம் பள்ளிக்கூடம் போகவில்லை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நடை. நான் உள்ளே ஏணை ஆட்டிக்கொண்டிருந்தேன். சட்டென்று சிணுங்கல் நின்றது. எட்டிப் பார்த்தால் புஷ்பம் ஒரு கம்பளிப் பக்கத்தில் நிற்கிறாள். ராசு அதில் மூக்கைத் தேய்க்கிறான். வாயைத் திறந்து தேடுகிறான்.

புஷ்பம் அவனை அடுத்த கம்பளிக்குக் கொண்டுபோனாள். சிணுங்கல். அதற்கடுத்தது. சிணுங்கல். மறுபடி பழைய கம்பளி. அமைதி. பிறகு என்ன செய்தாள் தெரியுமா? அவன் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மூன்றையும் திரும்பக் காட்டினாள்! அதே மாதிரி! நான் படித்த எந்தத் துப்பறியும் கதையிலும் யாரும் இப்படிச் செய்ததில்லை, சத்தியம்.

அது காமாட்சி அக்கா கம்பளி. முகர்ந்து பார்த்தேன். அடுப்புப் புகை, வெற்றிலை, பிள்ளை கக்கிய பால்.

"காமாட்சி அத்த மழையில தம்பிய இதுக்குள்ள வச்சுத்தான் பால் குடுக்கும் டீச்சர். அம்மா மேல ஆஸ்பத்திரி வாசம். அம்மா கம்பளியக்கூட அங்க மருந்துத் தண்ணில முக்கிட்டாங்க. அதான் தம்பிக்குத் தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு சின்னச்சாமிய சொன்னேன்ல. நீங்க திட்டுனீங்க."



உள்ளே ஒரு மூலையில் செல்லம்மா அக்கா, எதிர் மூலையில் காமாட்சி அக்கா. இருவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "காமாட்சிக்கா, கம்பளிய ஒரு தடவ மட்டும்..." என்று இழுத்தேன்.

"வேணாம்" என்றார் செல்லம்மா அக்கா. "அவ போத்துனத நான் போத்திக்கிட்டா, புள்ள என்கிட்டயா வந்ததாகும்? அவகிட்டதான் வந்ததாகும்."

காமாட்சி அக்கா தன் பிள்ளையை ஏணையில் கிடத்தினார். வாசலுக்குப் போனார். கம்பளியில் கை வைத்தார். எடுத்துக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அதன் தண்ணீரைப் பிழிந்து, உதறி, திரும்ப மாட்டினார். மூலையில் கிடந்த வெறும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். படியில் நின்று, திரும்பாமலே,

"புள்ளைக்குப் பசி செல்லம்மா. யாருகிட்ட வந்துச்சுன்னு அது பெருசானதும் கேட்டுக்குவோம்."

கீழே கங்காணி கத்துவது கேட்டது. "ஏய் காமாட்சி, கம்பளி எங்க?"

"ஆட்டுக்குட்டிக்குக் குளுருதாம், போத்திவிட்டேன்!"

செல்லம்மா அக்கா ரொம்ப நேரம் எழவில்லை. பிறகு தானாகவே எழுந்து, கம்பளியை எடுத்து, தலையிலிருந்து போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். ராசுவை உள்ளே வாங்கிக்கொண்டார். முதலில் அழுகை. பிறகு மூச்சு இழுக்கிற சத்தம். பிறகு முழுங்குகிற சத்தம். இன்னொரு முழுங்கல். இன்னொன்று.

கம்பளிக்கு வெளியே தெரிந்தது செல்லம்மா அக்காவின் கால்விரல்கள் மட்டும்தான். ஒவ்வொரு முழுங்கலுக்கும் அவை மடங்கி விரிந்தன.

"டீச்சர், மூக்கு சிந்தாதீங்க, தம்பி பயந்துக்குவான்" என்றாள் புஷ்பம்.

பதில் ஞாயிற்றுக்கிழமையே வந்திருக்கிறது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. நான்தான் அதை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னேன்.

ஜூன் 19, வெள்ளி

தூறல். ராசு ஐந்து முறை குடித்தான். மருந்தையா, "அப்பிடித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது பெரிய பேச்சு.

புஷ்பத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு டீச்சர்?" மறந்தே போய்விட்டாள். அல்லது எனக்காக மறந்தாள்.

காமாட்சி அக்காவுக்கு இருமல். இன்றும் சாக்குத்தான். செல்லம்மா அக்கா வாசலில் நின்று, அவர் மலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிடவில்லை.

சனிக்கிழமை விடியப் போகிறது. கூப்பிடுங்களேன் அக்கா!

ஜூன் 20, சனி

கொஞ்சம் வெயில்! எல்லாரும் துணி காயப்போட்டுவிட்டார்கள்.

முச்சந்தியில் லொறி. காமாட்சி அக்கா சாமான்: டிரங்குப் பெட்டி, அம்மி, சட்டி பானை, பாய்ச் சுருட்டு, கூடைக்குள் சேவல் (கத்திக்கொண்டே). செல்லம்மா அக்கா வருவாரா வருவாரா என்று லயத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். ராசு காமாட்சி அக்கா கம்பளிக்குள். கையில் மடித்த தன் கம்பளி.

"இத நீ எடுத்துக்க. ஒன்னோடது இங்க இருக்கட்டும்."

காமாட்சி அக்கா வாங்கி முகர்ந்தார். "ஐய, ஆஸ்பத்திரி நாத்தம்."

"டயகம மழையில நாலு நாள் நனஞ்சா போயிரும்."

"ஏதோ வச்சுட்டேன்னு சொன்னியே, எடுத்தாச்சா?"

"இல்லடி" என்றார் செல்லம்மா அக்கா. "இன்னும் வாசம் இருக்கு."

இருவரும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. செல்லம்மா அக்கா ராசுவைக் காமாட்சி அக்கா பக்கம் நீட்டினார். காமாட்சி அக்கா கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் மதினி. இப்பத்தான ஒன்கிட்ட வந்திருக்கான்."

லொறி போய்விட்டது. வளைவு திரும்பும் வரை சேவல் சத்தம்.

ஜூன் 21, ஞாயிறு

மறுபடி மழை. உபதேசியார் வந்தார், குடை ஒடிந்து.

"போன வாரப் பாடம் என்ன?" பதினான்கு வாயும் சரியாகச் சொன்னது. அதோடு விட்டிருக்கலாம். "அப்படி யாருக்குப் புத்தி கொடுத்தார்?" என்று கேட்டுவிட்டார்.

"புஷ்பத்துக்கு!"

"எனக்குத்தான்!" என்று எழுந்தான் சின்னச்சாமி. "எம் மேல மாட்டு வாசம் இல்லன்னா இவ எப்படிக் கண்டுபிடிச்சிருப்பா?"

"காமாட்சி அத்தைக்கு" என்றாள் புஷ்பம்.

"அது நம்ம வகுப்புக்கே வராதே!"

"வராட்டி குடுக்க மாட்டாரா?"

உபதேசியார் என்னைப் பார்த்தார்.

"குடுப்பாரு" என்றேன். இந்த முறை நாள் கணக்கு சொல்லவில்லை.

கண்ணை மூடினோம். நானும் இறுக்கமாக மூடிக்கொண்டேன். வலப்பக்கம் கன்றுக்குட்டி வாசம், சின்னச்சாமி. நடுவில், வாசல் பக்கத்திலிருந்து ஈரக் கம்பளி, அடுப்புப் புகை, வெற்றிலை. வகுப்புப் பக்கமே ஒரு நாளும் வராத செல்லம்மா அக்கா. ஒரு குட்டி விக்கல் சத்தமும் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

சவுரி இன்னும் என் பெட்டியில். நாளைக்கு மறக்காமல் ஆயாம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும்.