போட்டோவில் விழுந்த முழங்கை

கூடப் பிறந்தவளுக்கு,

உடம்பைக் குறைத்தால்தான் மூட்டு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே. நான் எப்படி இளைத்தேன் என்று கேட்கச் சொல்லி என் பேத்தியிடம் தூது விட்டாயாம். என்னிடம் நேரே கேட்க வாய் வரவில்லை, இல்லையா? உன் கல்யாணத்தன்று போட்டோ எடுக்கும்போது நன்றாகவே வந்தது. "குண்டக்கா, நீ பின்னால போய் நில்லு. முன்னால நின்னா நாங்க யாருமே தெரியமாட்டோம்" என்று சபை நடுவே சிரித்தாய். அந்தப் போட்டோவில் என் முழங்கை மட்டும்தான் இருக்கிறது. பேரன் பேத்தி எடுத்தும் எனக்கு ஆறவில்லை.

சரி, கேட்டுக்கொள். பட்டினி கிடக்காதே. தட்டில் பாதி காய், கூட முட்டையோ பருப்போ, மிச்ச இடத்தில்தான் சோறு. சர்க்கரை, பொரித்தது இரண்டையும் விடு. முட்டி தாங்கும் அளவுக்குத் தினமும் நட. மெதுவாகத்தான் குறையும்.

தனியாக நடக்க விட்டால் பூங்காவின் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? நாளைக் காலை பூங்கா வாசலுக்கு வா. உன் முட்டிக்கு ஏற்ற மாதிரிதான் நடப்பேன். ஆனால் நான் முன்னால், நீ பின்னால். "அக்கா, கொஞ்சம் நில்லேன்" என்று கூப்பிட்டால் நிற்பேன், திரும்பமாட்டேன். ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கும்வரை என் முதுகைப் பார்த்துக்கொண்டே நட.

இப்படிக்கு,
அந்த முழங்கைக்காரி,
உன் குண்டக்கா