நான் கொடுத்த ஜெபக் குறிப்பு

ஜூலை 3, வியாழன்

நசரத்பேட்டையிலிருந்து வந்த பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. நாவலில் பதினெட்டுப் பக்கம் முடிந்தது. பூந்தமல்லியில் இறங்கி ஆவடி வண்டிக்கு நிற்கும்போது மறுபடியும் ஜீவா அக்கா. இது மூன்றாவது வியாழக்கிழமை. அதே நீல பைக், அதே மனிதர். அக்கா இறங்கிப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, அவர் ஏதோ சொன்னதற்குத் தலையாட்டிச் சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அக்கா வெள்ளானூரில் தையல் வேலை செய்கிறவர். நாற்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி அவருடையது. அவர் கதை சொல்லும்போது ராட்சதன் கோலியாத் விழுந்தால், முன்வரிசைப் பிள்ளைகள் நிஜமாகவே காலை இழுத்துக்கொள்வார்கள். நானும் ஒரு காலத்தில் இழுத்துக்கொண்டவள்தான்.

ஜூலை 4, வெள்ளி

பெண்கள் ஜெபக்கூட்டம். ஆளுக்கு ஒரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். எனக்கு அது எப்போதும் கஷ்டம். என் வீட்டு விஷயத்தை, என் மனதை இருபது பேர் முன்னால் எடுத்து வைக்க முடியாது.

பெண்கள் சங்கச் செயலாளர் ராஜம்மா ஆன்ட்டி விடவில்லை. “இந்த வாரமும் ஒன்னுமில்லையா பெர்சிஸ்? அவ்ளோ நிம்மதியாவா கீறே?” எல்லோரும் சிரித்தார்கள்.

தப்பித்தால் போதும் என்று, “ஜீவா அக்காவுக்காக ஜெபிக்கலாம்” என்றேன். அக்கா இன்று வரவில்லை.

செருப்பு மாட்டும் இடத்தில் ஆன்ட்டி கையைப் பிடித்தார். “இன்னாத்துக்கு? சொன்னாத்தானே பாரத்தோட ஜெபிக்க முடியும்?” சொன்னேன். பூந்தமல்லி, பைக், மூன்று வியாழன். “நமக்குள்ளயே இருக்கட்டும்” என்றார்.

என்னுடையதைக் கொடுக்க மனமில்லாமல் இன்னொருவருடையதைக் கொடுத்துவிட்டேனோ?

ஜூலை 9, புதன்

ஜெபக்கூட்ட வாட்ஸ்அப் குழுவில் செய்தி: “பாவத்தில் விழுந்துகொண்டிருக்கும் நம் சபைச் சகோதரி ஒருவருக்காக உபவாசித்து ஜெபிக்கவும்.” பெயர் இல்லை. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள்.

ஜூலை 13, ஞாயிறு

அந்த மனிதருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்களாம். காட்டுப்பாக்கத்தில் தனி வீடு எடுத்திருக்கிறாராம். இரண்டு வருடமாகவாம். அம்மாவுக்கு இதைச் சொன்னது எங்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து பிளாக் அக்கா. அவர் எங்கள் சபைகூட இல்லை.

இதில் நான் சொன்னது எது? பைக் மட்டும். மற்றதெல்லாம் பத்து நாளில் தானாக முளைத்தது. விதை என்னுடையது.

ஆராதனை முடிந்து கமிட்டியார் அக்காவை அழைத்து விசாரித்தார்கள். கதவு சாத்தவில்லை, எல்லோருக்கும் கேட்டது. “தப்பு ஒன்னும் பண்ணல பாஸ்டர். யார் ஊடு, இன்னாத்துக்குப் போறேன்னு மட்டும் கேக்காதீங்க. அது என் விஷயமில்ல, சொல்ல மாட்டேன்.” குரல் நடுங்கவில்லை. அழுகையும் இல்லை.

சொல்லும்வரை ஞாயிறு பள்ளி அவருக்கு இல்லை. பதினாறு வருடம் நடத்திய வகுப்பு.

பிறகு மனோகரன் பாஸ்டர் என்னிடம் வந்தார். “நீ படிச்ச பொண்ணு. அடுத்த வாரத்துலேர்ந்து நீயே கிளாஸ பாத்துக்கோம்மா.”

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூலை 16, புதன்

அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் பழைய பிஸ்கட் டின். உள்ளே வெட்டி ஒட்டிய படங்கள், கிரேயான், ஒரு நாற்பது பக்க நோட்டு.

“நோவா பேழைல ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து பிஞ்சு கீது, பாத்து ஒட்டு. சின்னதுங்க அதத்தான் மொதல்ல கேக்கும்.”

“அக்கா, நான்…”

“இன்னா நான்? பயப்படாத. கூட்டமா கத்துச்சுங்கன்னா நீ மெதுவாப் பேசு. கேக்கணும்னு அதுங்களே அடங்கிரும்.”

தன்னிடமிருந்து பறித்த வேலையை அவர் இப்படித்தான் ஒப்படைத்தார். காபி குடித்தார். அம்மா பேச்சுக் கொடுக்காமல் உள்ளே இருந்ததைக் கவனித்தார், கவனிக்காத மாதிரி கிளம்பினார். ஆரம்பித்தது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா?

ஜூலை 20, ஞாயிறு

நோட்டில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு வரி.

சிம்ரன் - கதவுப் பக்கம் உட்காரட்டும்.
கௌதம் - அப்பாவைப் பற்றிக் கேட்காதே.
வித்யா - சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லாதே. தனியாகக் கேள், படிப்பாள்.

ஒன்றுக்கும் காரணம் எழுதவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வீட்டு ரகசியம் இந்த ஒரு பெண்ணுக்குத் தெரியும். பதினாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. வந்திருந்தால் எங்கள் சபையில் எனக்கும் தெரிந்திருக்கும். நானோ பார்த்த ஒரே ஒரு விஷயத்தை மூன்று வாரம்கூட வைத்திருக்க முடியாதவள்.

அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பாடினார். அவர் பக்கத்தில் மூன்று இடம் காலி.

“ஜீவா மிஸ் அங்கதானே கீறாங்க, ஏன் நீங்க வந்தீங்க?” என்றாள் சிம்ரன்.

ஜூலை 22, செவ்வாய்

பொய் சொல்லவில்லை, சொல்லவில்லை என்று நாள் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தபோது, உண்மையை வைத்தும் அதைச் செய்யலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதுவும் கண்ணை மூடி, ஆண்டவர் பெயரைச் சொல்லி! அவர் கேட்பார் என்று நினைத்தா சொன்னேன்? ராஜம்மா ஆன்ட்டி கேட்கட்டும் என்றுதானே?

அக்கா குற்றமற்றவர் என்று தெரிந்த பிறகு மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். அது எவ்வளவு சௌகரியம். ஒருவேளை அவர் தவறே செய்திருந்தாலும் நான் செய்தது சரியாகிவிடுமா?

ஜூலை 27, ஞாயிறு

எழுந்துவிட்டேன். ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில்.

இருபத்தாறு வயதுவரை ஒரு தடவைகூட எழுந்ததில்லை. சுகம் கிடைத்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் ஸ்தோத்திரம் சொன்ன பிறகு, மைக் என் கையில். எழுதிக்கொண்டு போன தாளை எடுக்கவே இல்லை.

“ஜீவா அக்காவப் பத்தி மொதல்ல பேசுனது நான்தான். பைக்ல இருந்து எறங்குனதப் பாத்தேன். அவ்ளோதான் பாத்தேன். அவர் யாருன்னு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. அக்காகிட்ட கேக்கல. கேக்காமயே ஜெபக் குறிப்புன்னு குடுத்தேன். அது ஜெபக் குறிப்பு இல்ல. புறணி.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். பாஸ்டர் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

வெளியே ராஜம்மா ஆன்ட்டி கிட்டே வந்தார். “என் பேர இழுக்காம உட்டியே” என்றவர் குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

ஜீவா அக்கா கேட் அருகே நின்றார்.

“இன்னாடி, அவ்ளோ சனத்து முன்னால நின்னு பேசத் தெரியுது, என்னாண்ட வந்து ஒரு வார்த்த கேக்கத் தெரியலையா?”

“பயமா இருந்துச்சுக்கா.”

“கடிச்சா வெச்சிருவேன்?” சிரிக்கவில்லை. “கோவம் கீது பெர்சிஸ். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளாவும்.” இரண்டடி போய்த் திரும்பினார். “சிம்ரன் கதவாண்டதானே ஒக்காந்தா?”

“ஆமாக்கா.”

“அது போதும்.”

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வகுப்பு அக்காவுக்கே திரும்பிவிட்டது. காரணத்தை அவர் இன்னமும் சொல்லவில்லை, கமிட்டியும் கேட்கவில்லை. நான்கு பிள்ளைகள் வரவில்லை, வீட்டில் அனுப்பவில்லையாம். நான்கு பெயருக்கும் நோட்டில் வரி இருக்கிறது. அக்கா அவற்றை அடித்து நீக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அக்கா போன் செய்தார். “வியாழக்கிழமை வரியா? தூக்கி உக்கார வெக்க ரெண்டு கை பத்தல.”

ஆகஸ்ட் 14, வியாழன்

காட்டுப்பாக்கம் போய் வந்தேன். அந்த வீட்டில் ஒரு பெண் படுக்கையில் இருக்கிறார். தன் நிலைமை வெளியே தெரியக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். என்னைக் கூட்டிவரவும் அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகுதான் அக்கா போன் செய்திருக்கிறார். பைக் ஓட்டுகிறவர் அந்தப் பெண்ணின் தம்பி. பெயரும் நோயும் தெரிந்துகொண்டேன். இங்கே எழுதப் போவதில்லை.

குளிப்பாட்டித் தலை வாரி முடித்ததும், அக்கா சோறு ஊட்ட இருந்துவிட்டார். தம்பி என்னைப் பூந்தமல்லியில் கொண்டுவந்து விட்டார். பைக்கிலிருந்து இறங்கித் துப்பட்டாவைச் சரிசெய்து நிமிர்ந்தால், எதிரே ஆவடி வண்டிக்குக் காத்துக்கொண்டு ராஜம்மா ஆன்ட்டி. நீல பைக்கைப் பார்த்தார். போகிற மனிதரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் எதுவும் விளக்கவில்லை.

ஆன்ட்டி வாயைத் திறந்தார், மூடினார். பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்.

“சாப்டியா?” என்று மட்டும் கேட்டார்.