சொட்டு மூழ்க வேண்டும்

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். குமணன்சாவடி சிக்னலில் பஸ் இருபது நிமிடம் நின்றது. முதல் வகுப்பு போச்சு.

ஜெனிஃபரோடு பேசி முடித்தாயிற்று. அவள் திருமழிசைப் பக்கக் காலேஜின் பெண்கள் ஃபுட்பால் கேப்டன். நான் நசரத்பேட்டைப் பக்கக் காலேஜுக்கு. பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்ச். வருஷா வருஷம் மேட்ச், தோற்ற டீம் ஜெயித்த டீமுக்குப் பிரியாணி. இந்த வருஷம் பிரியாணி கிடையாது. மேட்ச் சும்மா ஆட்டத்துக்கு. மறுநாள் ரத்ததான முகாம். எந்தக் காலேஜ் மேஜையில் அதிகம் பேர் கொடுக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. ரத்தம் மொத்தமும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு.

யோசனை ஜெ.வுடையது. அவள் அக்கா மகள் தியாவுக்கு ஐந்து வயது, தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். போன தடவை ரத்தம் இல்லையென்று இரண்டு நாள் காத்திருந்தார்களாம்.

"கேப்டன்ங்கதான் மொதல்ல குடுக்கணும்" என்று சொன்னது நான். வாய் சும்மா இருந்தால்தானே.

ஜூலை 23, புதன்

லேபில் ஹீமோகுளோபின் சோதித்தேன். ஹெச்.பி. 11.2. கொடுக்க 12.5 வேண்டும். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

முருங்கைக்கீரை, தினம்.
பேரீச்சை, ஆறு.
பீட்ரூட், வேறு வழியில்லை.
சாப்பாட்டோடு டீ கூடாது. இதுதான் கொடுமை.
டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை.

முகாம் போஸ்டர் வந்துவிட்டது. என் படம் பெரிதாக, சிரித்துக்கொண்டு. கிழித்துவிடலாமா என்றிருந்தது.

ஆகஸ்ட் 2, சனி

தூறல். பிராக்டிஸ் பாதியில் நின்றது.

பூந்தமல்லியில் கல்யாண மண்டபம் கிடைத்தது. ஆடி மாதம், பூட்டித்தான் கிடக்கிறது, சும்மாவே கொடுத்தார்கள். எங்கள் மேஜை மணமகள் அறையில், அவர்களுடையது மணமகன் அறையில். ஜெ. விழுந்து விழுந்து சிரித்தாள். "மச்சி, தாலி எடுத்துகினு வரட்டா?"

ஹெச்.பி. 11.9. எட்டு நாள்தான் மிச்சம்.

அப்பா தட்டைப் பார்த்தார். "இன்னாமா, ஊட்ல தெனைக்கும் கீரை?" அம்மா என்னைப் பார்த்தாள். உடம்புக்கு நல்லது என்றேன். அப்பாவுக்கு வழக்கமான பாட்டு: "பந்த ஒதச்சி இன்னா கெடைக்கப் போவுது? ஒழுங்கா பரீட்சய பாரு." லேத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர், திருப்பிப் பேசத் தோன்றவில்லை. இதுவரை என் மேட்ச் ஒன்றுகூட அவர் பார்த்ததில்லை. வருத்தம்தான்.

ஆகஸ்ட் 9, சனி

மேட்ச் 1–1. எங்கள் கோல் பிரியா போட்டது. நான் அடித்த ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மனசு ஆட்டத்தில் இல்லை.

முடிந்ததும் ஜெ. தோளில் கை போட்டாள். "நாளிக்கி ஒம்போது மணி. மொதல் ஊசி ஒனக்கும் எனக்கும். தியா கிட்ட ஒன் பேர் சொல்லிக்கீறேன்."

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? கால் சுளுக்கு? சுளுக்குக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம். புத்தியும் வேலை செய்யவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். அப்பாதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். இன்று லீவு, வாசலில் நிற்கிறேன் என்றார். போங்கப்பா என்றேன். கேட்கவில்லை.

சோதனை எல்லார் முன்னாலும். விரலில் குத்தி, நீலத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுகிறார்கள். மூழ்கினால் கொடுக்கலாம். ஜெ.வுடையது நேராக அடிக்குப் போனது. என்னுடையது மேலேயே நின்றது. இன்னொரு விரல். அதுவும் மிதந்தது. "அடுத்த தடவ பாத்துக்கலாம்மா" என்றார் டெக்னீஷியன், நல்ல மனிதர். வரிசையில் என் டீம் மொத்தமும். ஜெ.வின் முகத்தைப் பார்க்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய்க் கவிழ்த்து வைத்த அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பிரியா வந்து இழுத்துக்கொண்டு போனாள். மதியம்வரை பெயர் எழுதினேன், தண்ணீர் கொடுத்தேன், யார் கண்ணையும் பார்க்காமல்.

ஒரு மணிக்கு மேஜைகளை மூடினோம். நாங்கள் 42. அவர்கள் 43.

ஜெ. தன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசிப் பெயரில் விரல். "மச்சி, இது ஒங்கப்பா பேர்டி. எங்க பக்கம் எழுதிட்டாங்க. மாத்திடட்டா? நீங்க ஜெயிச்சிடுவீங்க."

அப்பா மண்டப நாற்காலியில், கையில் பிளாஸ்திரி, பிஸ்கட், ஜூஸ். ஓடினேன்.

"நீ கண்ண தொடச்சிகினு வந்தியா, அந்தப் பொண்ணு பிரியாதான் விஷயத்த சொல்லிச்சி. சரி, ஊட்லேர்ந்து ஒருத்தராவது குடுக்கணும்ல."

"அந்த ரூமுக்கு ஏம்ப்பா போனீங்க?"

"மணமகன் அறைன்னு போட்டுகீது. ஆம்பளைங்களுக்குன்னு நெனச்சேன். என் சொட்டு பாத்தியா? கல்லு மாதிரி கீழ போச்சு."

ஜெ. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். விடுடி, இருக்கட்டும் என்றேன். கோப்பையை அவளே வாங்கிக்கொண்டாள். கைதட்டினேன். கை வலிக்கத் தட்டினேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். அப்பா பின்னால். டிரங்க் ரோடு திருப்பத்தில் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, நாமதான ஜெயிச்சோம்?"

"ஆமாம்ப்பா."