கம்பிக்கு அந்தப் பக்கம்

பாசமுள்ள சூசை மச்சானுக்கு,

இன்றைக்கு என் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பஜ்ஜிக் கடையின் விலைப்பலகை காற்றில் பறந்து, மலை விளிம்பில் போட்ட தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. எடுத்துவிட்டுத் திரும்பும்போது வேட்டி கம்பியில் மாட்டிக்கொண்டது. ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே.

"தாத்தா! இந்தப் பக்கம் வாங்க! விழுந்துருவீங்க!"

நாலைந்து வயதுப் பெண் குழந்தை. பாதி கடித்த சோளக்கதிரைப் பிரம்பு மாதிரி நீட்டி மிரட்டியது. பஜ்ஜிக்கு நின்ற கூட்டம் மொத்தமும் சிரித்தது. பத்தாம் வகுப்பையே தாண்டாதவன் கம்பியைத் தாண்டப் போனால் இப்படித்தான்.

நானும் சிரித்தேன். அப்புறம்தான் குழந்தையின் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். பிறகு முகத்தை.

அவன்தான், மச்சான். நீங்கள் காப்பாற்றியவன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எனக்குச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு மேகம் இறங்கிப் பாறை நனைந்திருந்தது. அவன் போட்டோவுக்காகத் தாண்டினான், வழுக்கினான். நீங்கள் கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டு ஓடினீர்கள். கீழேயிருந்து அவனை நெட்டித் தள்ளினீர்கள், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் இழுத்துப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பாறை காலியாக இருந்தது. போலீஸ் வருவதற்குள் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

எனக்கு யார்மேல் கோபம் அதிகம் என்று கேட்டால், உங்கள்மேல்தான். நாள் முழுக்கக் கத்தியது யார்? "ஏனுங்க தம்பி, கீழ சேலந்தானுங்க இருக்குது. பஸ்ஸுலயே போலாமுங்க, எதுக்குங்க குதிக்கறீங்க?" ஊருக்கெல்லாம் எல்லை சொன்ன மனுஷன், தன் காலுக்குச் சொல்ல மறந்தது என்ன நியாயம்?

உங்கள் வருஷ நினைவுத் திருப்பலி முடிந்து காப்பி குடிக்கும்போது கிளியூர்ச் சித்தப்பா சொன்னார்: "எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்குதுங்க மாப்ள. முன்னப்பின்ன தெரியாதவனுக்காக உசுரக் குடுப்பாங்களா?" நான் டம்ளரை வீசாத குறை. அவரோடு இன்றுவரை பேச்சில்லை. ஆனால் அதே கேள்வியைத்தான் பஜ்ஜி மாவு கரைக்கும்போதெல்லாம் நானும் உங்களிடம் கேட்கிறேன். அளவு எங்கே மச்சான்? கம்பியிலா? பாறையிலா? கல்யாணத்தன்று உங்கள் மகள் ஸ்டெல்லாவைக் கோயில் பீடம் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியது நீங்கள். போனது நான், இரவல் கோட்டில். அவள் என் கையைத்தான் பிடித்திருந்தாள். ஆனால் என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

உங்களுக்கப்புறம் கம்பியை உயர்த்தினார்கள். இப்போது ஜனங்கள் அதன்மேல் ஏறி உட்கார்கிறார்கள். அபாயம் என்று போர்டு வைத்தார்கள். அந்தப் போர்டையே கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கிறார்கள். எத்தனை வருஷம்தான் தொண்டை கிழியக் கத்துவது?

அவனுக்கென்று வசவு சேர்த்து வைத்திருந்தேன். உங்களிடம் கற்றதும் உண்டு, என் சொந்தச் சரக்கும் உண்டு. அவன் பெண்டாட்டி பிளேட்டை வாங்கும்போது அந்தக் குழந்தை கேட்டது:

"தாத்தா, இங்க யாராச்சும் விழுந்திருக்காங்களா?"

"நல்லாச் சொல்லுங்கண்ணா," என்று அந்தப் பெண் சிரித்தாள். "அப்பத்தான் இவ பயந்துக்கிட்டுக் கிட்டப் போகாம இருப்பா."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் சொல்லியிருக்கவில்லை. என்னை அவன் அடையாளம் கண்டுகொண்டான். குழந்தையைச் சட்டையோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அப்படியானால் எதற்கு வந்தான்? பார்க்கவா, மன்னிப்புக் கேட்கவா, பஜ்ஜி தின்னவா?

"இல்ல கண்ணு," என்றேன். "யாரும் விழுகல."

ஒரே வார்த்தையில் உங்களை இல்லாமல் ஆக்கிவிட்டேன். அவன் விட்டானே ஒரு பெருமூச்சு, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை வருஷக் கோபம் ஒரு குழந்தையைத் தாண்டிப் போகத் தெரியாமல் நின்றுவிட்டது. அங்கே கம்பி போட்டது யார் மச்சான்? நான் போடவில்லை.

வீட்டில் உங்கள் தங்கச்சி கிழிந்த வேட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தாண்டுனீங்களா?" என்றாள். இனிமேல் தாண்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். உங்களுக்கு அந்தச் சத்தியத்தைச் செய்யமாட்டேன். என் பொய் உங்களிடம் செல்லாது. வேறொரு வாக்குத் தருகிறேன்: அவன் தனியாக வந்தால் உங்கள் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். வர மறுத்தால் காலரைப் பிடித்து இழுத்து வருவேன். அவன் சட்டையைப் பிடித்து இழுப்பது எனக்குப் பழக்கம்தானே.

போகும்போது குழந்தை கையாட்டியது. நானும் ஆட்டினேன். வாய்வரைக்கும் வந்து, சொல்லாமல் விழுங்கியது இது:

"விழுந்திருக்காருங் கண்ணு, எங்க மச்சான். தாத்தாவுக்கு இருந்தது ரெண்டே கை. ரெண்டும் உங்கப்பா சட்டையப் புடிச்சிருந்துச்சு."

உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்,
பிலவேந்திரன்