எல்லைக்கல்லில் வாங்கிய அடி

பால்கெரன்,
1768 ஏப்ரல் 11

அன்புத் தம்பி கில்பர்ட்டுக்கு,

நலம். கால்வலிதான் விட்டபாடில்லை. கல்லூரியில் அறநெறி சொல்லிக்கொடுக்கும் பேராசிரியருக்கு அக்காவுக்கு நாலு வரி எழுத நேரமில்லை, போகட்டும்.

ஊரில் பெரிய வம்பு. காய்ந்தால் விறகுபோல் எரியும் மண்கட்டியை அடுப்பெரிக்க நாம் காலங்காலமாக வெட்டும் சதுப்பு முழுவதும் தனக்கே சொந்தமென்று பிரபு வழக்குப் போட்டிருக்கிறார். எல்லைக்கல்லை அவர் ஆட்கள் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அது இருந்த இடத்துக்குச் சாட்சி வேண்டும். நீ சிறுவனாக இருந்தபோது ஊரார் எல்லையைச் சுற்றி வந்த அன்று, இடம் மறக்கக் கூடாதென்று உன்னையும் சேர்த்து மூன்று பையன்களை அந்தக் கல்மேல் குனியவைத்துப் பிரம்பால் விளாசினார்களே! சாண்டி கடலோடு போனான். ராபின் இப்போது பிரபுவின் காரியக்காரன், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்கிறான். மிச்சம் நீதான். மே இருபது விசாரணை. நாற்பது வீட்டு அடுப்பு உன் வாயில் இருக்கிறது. வந்துவிடு.

உன் அக்கா
எல்ஸ்பெத்

கிளாஸ்கோ,
ஏப்ரல் 23

அன்புள்ள அக்கா,

கல் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது, சதுப்பு நம் ஊர் எல்லைக்குள்தான். என் முதுகு மறக்கவில்லை. ஆனால் இந்தப் பதவி பிரபுவின் சிபாரிசில் கிடைத்தது. நன்றியும் கடமைதானே? உன்மேலுள்ள பாசத்தால் வந்தால் அது பாசம். அவர்மேல் கோபத்தால் வந்தால் அது பழி. கடமைக்காகவே செய்வதுதான் அறம் என்று தினமும் பாடம் சொல்கிறேன். என் மனம் இன்னும் தெளியவில்லை.

நிலத்தில் உழைப்பவனுக்கே நிலம் என்றும் வாதிடுகிறார்கள். பிரபு வடிகால் வெட்டிப் பயிரிடுவார். நாம் எடுக்க மட்டும்தானே செய்தோம்? எப்படியானாலும் நீ இங்கே வந்துவிடு. உனக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன்.

தம்பி
கில்பர்ட்

பால்கெரன்,
மே 2

தம்பி,

உன் கடிதத்தைக் கொல்லன் பட்டறையில் வாசித்தேன். "முழங்கால் சேத்துல நின்னு வெட்டறோமே, அது உழைப்பில்லாம என்ன கூத்தா?" என்று பக்கத்து வீட்டு ஜேனட் கேட்டாள். கொல்லன் சிரித்தான்: "அவரு மனசு தெளியறதுக்குள்ள நம்ம அடுப்பு அணைஞ்சுடும்மா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. எந்த மனசோடு வந்தாலும் சரி, கல் இருந்த இடம் மாறப்போவதில்லை. வந்து அதை மட்டும் சொல்.

அக்கா
எல்ஸ்பெத்

கிளாஸ்கோ,
மே 16

அன்புள்ள அக்கா,

கடுமையான சளி. பயணம் கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார். மன்னித்துவிடு. அறை தயாராக இருக்கிறது.

கில்பர்ட்

பால்கெரன்,
மே 27

கில்பர்ட்டுக்கு,

சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விசாரணை முடிந்தது. உன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். பிறகு யாரும் எதிர்பாராமல் ராபின் எழுந்தான். முந்தின வாரம் பிரபு அவன் நாயைச் சுட்டுவிட்டாராம். விசாரணைக்காரர்களை ஓடை தாண்டிக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினான். தோண்டினார்கள், கல் நின்ற குழி அப்படியே இருந்தது. சதுப்பு ஊருக்கே என்று எழுதிவிட்டார்கள்.

"நியாயத்துக்காகப் பேசினியாடா?" என்று கொல்லன் கேட்டான். "நியாயமாவது ஒண்ணாவது! என் நாயச் சுட்டான்ல," என்றான் ராபின். அன்றைக்கே அவனுக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று.

சதுப்பில் நம் வீட்டுக்குள்ள வெட்டுப்பங்கு அப்பாவுக்குப் பின் உன் பெயரில் இருந்தது. நேற்று ஊர்க்கூட்டத்தின் சம்மதத்தோடு அதை ராபினுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். நம் வீட்டுப் பின்னறையில்தான் அவனும் பெண்டாட்டியும் இருக்கிறார்கள். உன் அறையை வேறு யாருக்காவது கொடு.

கோபத்தில் செய்தாயா, நியாயத்துக்காகச் செய்தாயா என்று கேட்டு எழுதாதே. செய்துவிட்டேன்.

எல்ஸ்பெத்