பிப்ரவரிக்கு மிச்சமிருந்த மலை

கோர்ஹாம், நியூ ஹாம்ப்ஷையர்
1993 மே 9

அன்புள்ள ஓடீல்,

நான் நலம். உன் நலமும் போர்ட்லண்டுக் கடலின் நலமும் அறிய ஆவல். இங்கே சேற்றுக்காலம் முடிந்தபாடில்லை. அடிவாரத்தில் சேறு, நடுவில் இற்றுப்போன பனி, உச்சியில் அசல் குளிர்காலம். மூன்று பருவத்துக்கும் சேர்த்து உடுப்பு சுமக்கிறேன். கடிக்கும் கறுப்பு ஈ இன்னும் கிளம்பவில்லை, அதுவரை நிம்மதி.

வரும் சனிக்கிழமை கார்ட்டர் டோம் மலை. ஓடைப் பாதையில் ஏறி அதே பாதையில் இறங்குகிறேன். ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தால் கடக்காமல் திரும்பிவிடுவேன். இறங்கியதும் போன் செய்கிறேன். இருட்டி இரண்டு மணி நேரமாகியும் போன் வரவில்லையென்றால் மீட்புக் குழுவைக் கூப்பிடு.

பிரிந்துபோன மனைவியிடம் கேட்கிற உதவியா இது என்று நினைப்பாய். பக்கத்து வீட்டு நோரிஸிடம் சொல்லலாம்தான். ஆனால் அவனே மீட்புக் குழுவில் இருப்பவன். அவன் காதில் போட்டால் காபிக்கடை முழுக்கப் பரவிவிடும். தவிர, நான் எங்கே பிடிவாதம் பிடிப்பேன், எங்கே திரும்புவேன் என்று உன்னளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

நீ வெறுக்கும் அந்தத் தாள் சமையலறைச் சுவரில் அப்படியேதான் இருக்கிறது. நாற்பத்தெட்டு மலைகள், பன்னிரண்டு மாதங்கள்; ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு மாதத்திலும் ஒருமுறை ஏறி அதற்கான கட்டத்தை நிரப்ப வேண்டும். இத்தனை வருடம் ஏறி ஏறி இப்போது சில கட்டங்கள்தான் வெள்ளையாக இருக்கின்றன.

என்றும் உன்,
ஆல்டன்


போர்ட்லண்ட், மெய்ன்
1993 ஜூன் 2

அன்புள்ள ஆல்டன்,

அந்தச் சனிக்கிழமை போன் செய்தாய். "இறங்கிட்டேன்" என்றாய். "சரி" என்றேன். இத்தனை வருடம் குடித்தனம் செய்தவர்களுக்குள் இப்போது பேச்சு இவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன்.

அன்று பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் மேவிஸ் என்னைக் கடற்கரைக்குக் கூப்பிட வந்தாள். நான் போனைவிட்டு நகரவில்லை. "ஏண்டி, வேணாம்னு விட்டுட்டு வந்த புருஷனுக்காகச் சனிக்கிழமை பூரா போன் பக்கத்துலயே உக்காந்திருக்க. இதுக்கு அவன்கூடவே இருந்து தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள். நல்ல கேள்விதான். சிரித்துச் சமாளித்தேன்.

சேற்றில் ஓரமாக ஒதுங்கினால் பாதை அகலமாகிவிடும், நடுவிலேயே மிதித்துப் போ என்று ஊரெல்லாம் உபதேசம் செய்கிறாய். உச்சியில் நகமளவு பூவை மிதித்துவிடக் கூடாதென்று கல்லுக்குக் கல் தாவுகிறாய். அந்தக் கவனத்தில் கால்வாசியை வீட்டுப் பக்கம் காட்டியிருந்தால் நான் இப்போது கோர்ஹாமில் இருந்திருப்பேன்.

கோடை இடி மழையில் உச்சியில் நிற்காதே. மதியத்துக்குள் இறங்கு.

ஓடீல்


கோர்ஹாம்
1993 நவம்பர் 16

அன்புள்ள ஓடீல்,

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மான் வேட்டைக் காலம் என்று ஆரஞ்சுச் சட்டைகூடப் போட்டிருந்தேன். நெற்றி விளக்கு இருந்தது, மாற்று பேட்டரியும் இருந்தது. உனக்கு எழுதிய மலையில் ஏறி முடித்தேன். அடுத்த சிகரம் பக்கத்திலேயே தெரிந்தது. அதன் நவம்பர் கட்டம் வெள்ளையாக இருக்கிறதே என்று அதையும் தொட்டுவிட்டு வந்தேன். அதனால்தான் தாமதம். இறங்குகிறேன், எதிரே வரிசையாக விளக்குகள் ஏறி வருகின்றன. முன்னால் நோரிஸ்.

"நல்லா உலாத்திட்டு வர்றியா? உன் பொண்டாட்டி போன் போட்டு எங்க எல்லாரையும் கிளப்பி விட்டுட்டா. நடடா வீட்டுக்கு!" என்றான். அதோடு போகவில்லை. மறுநாள் காபிக்கடையில் நுழைந்தால், "என்ன ஆல்டன், கடைக்கு வர்றேன்னு ஓடீல்கிட்ட சொல்லிட்டு வந்தியா?" என்று ஒருவன். கடையே சிரித்தது. முப்பது வருடமாக மலையேறுகிறவன் நான்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். இனிமேல் இருட்டியதும் பதறாதே. மறுநாள் காலை பத்து மணி வரை பொறு. அதற்குப் பிறகும் போன் வராவிட்டால் கூப்பிடு. எனக்காக இதைச் செய்.

ஆல்டன்


போர்ட்லண்ட்
1993 டிசம்பர் 3

அன்புள்ள ஆல்டன்,

அவர்கள் நீ எழுதிய பாதையில் உன்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நீ எழுதாத மலையில் இருந்தாய். அங்கே கால் ஒடிந்து கிடந்திருந்தால்? நீ அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டிருக்கிறாய், நான் இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று போனை எடுப்பதா வேண்டாமா என்று எவ்வளவு தவித்தேன் தெரியுமா? சீக்கிரம் கூப்பிட்டால் நீ என்னை ஏசுவாய். தாமதமாகக் கூப்பிட்டால் நானே என்னை மன்னிக்க மாட்டேன். மலையில் நீ ஒரு முடிவு எடுத்தால் இங்கே நான் பத்து முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

சரி. காலை பத்து மணி வரை பொறுக்கிறேன். வார்த்தை கொடுத்துவிட்டேன். பதிலுக்கு நீயும் ஒரு வார்த்தை கொடு. எழுதிய பாதையை மீறாதே.

கிறிஸ்துமஸுக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்று அனுப்புகிறேன். சூடாக்கித் தின்னு, அப்படியே விழுங்காதே.

ஓடீல்


கோர்ஹாம்
1994 பிப்ரவரி 24

அன்புள்ள ஓடீல்,

ஒரே ஒரு கட்டம். ஜெபர்சன் மலை, பிப்ரவரி மாதம். அது மட்டும்தான் மிச்சம்.

மாதம் முழுக்கக் காற்று ஆளை நிற்கவிடவில்லை. இரண்டு தடவை மரங்கள் முடியும் இடம்வரை போய்த் திரும்பினேன். பார், திரும்பி வரவும் எனக்குத் தெரியும்! வரும் திங்கட்கிழமை மாதத்தின் கடைசி நாள். அன்று மாலை பெரிய காற்று வரும் என்கிறது வானொலி. மாலைதானே. விடிவதற்கு முன்பே கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுவேன். 'காசில்' என்னும் பாதையில் ஏற்றம், அதே பாதையில் இறக்கம். வார்த்தை மீற மாட்டேன்.

மேலே இரவு தங்க நேர்ந்தால் உதவும் தூக்கப் பையை இந்தத் தடவை எடுக்கவில்லை. பாரம் குறைந்தால் வேகம் கூடும்.

நோரிஸ் வாசலில் பனி தள்ளிக்கொண்டே கத்தினான்: "டேய், மலை எங்கயும் ஓடிப் போயிடாது. ரெண்டு நாள் பொறுத்து மார்ச்சுல போ!" என்றான். "மார்ச் கட்டம் எப்பவோ நிரம்பிடுச்சு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியில் ஏறிப் போனான்.

நீ போன் பக்கத்தில் இருக்கிறாய் என்பது எனக்குப் பெரிய தெம்பு. பத்து மணிக் கணக்கை மறக்காதே. காலையில், இரவில் அல்ல.

உன்,
ஆல்டன்


மருத்துவமனையிலிருந்து
1994 மார்ச் 10

என் அன்பு ஓடீல்,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

மாலைக் காற்று காலையிலேயே வந்துவிட்டது. அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் உச்சிக்கு அரைமணி நடைகூட இல்லை. பிறகு எல்லாமே ஒரே வெள்ளை. பாதை காட்டும் கற்குவியல்கள் ஒன்றும் தெரியவில்லை. எதிர்க்காற்றுக்கு முகம் கொடுக்க முடியாமல் ஒதுங்கி ஒதுங்கிப் பள்ளத்தாக்கின் பக்கம் சரிந்துவிட்டேன். கணுக்கால் போயிற்று. குட்டை ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களுக்கு அடியில் சுருண்டு கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் குளிரே தெரியவில்லை. கதகதப்பாக இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டேனாம்.

இருட்டிச் சிறிது நேரத்தில் வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும் என்கிறார் டாக்டர். இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

காலை வரை பொறுப்பதாக நீ சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை. அதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

என்னைச் சுமந்து இறக்கும்போது நோரிஸ் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டான். இனி அவன் பிழைப்பான பனி தள்ளும் வண்டியை ஓட்ட முடியாதாம். நேற்று ஊன்றுகோலோடு வந்து, "விடுடா, உயிரோட இருக்கல்ல" என்றான். பாவம், நல்ல மனுஷன்.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். உச்சி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் கால் ஆறிவிடும் என்கிறார்கள். இந்தத் தடவை மாதக் கடைசி வரை விட மாட்டேன், முதல் வாரத்திலேயே போய்விடுவேன். உனக்கு எழுதிப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

உன் உயிர்க்கடன்காரன்,
ஆல்டன்


போர்ட்லண்ட்
1994 மார்ச் 19

ஆல்டன்,

நன்றி சொல்லியிருக்கிறாய். என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு சொல்.

நான் பொழுது சாயும்வரைகூடப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கே கூப்பிட்டேன். வானொலியில் காற்று முன்கூட்டியே வந்துவிட்டது என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறாய், திரும்ப மாட்டாய். "அதுக்குள்ள தேட ஆள் அனுப்ப முடியாதுங்க, அவர் திரும்புற நேரமே இன்னும் ஆகலையே" என்றார்கள். பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையே போனவர், இரவு முழுக்க மேலேயே இருக்கிறார் என்று அழுதேன். காற்று மேற்கிலிருந்து அடித்தால் அவர் கிழக்கே பள்ளத்தாக்குப் பக்கம்தான் ஒதுங்குவார், அங்கே பாருங்கள் என்றேன். ஓர் இரவு குளிரில் கிடந்தவனைக் காப்பாற்றும் அவசரத்தில் அந்தக் காற்றிலும் ஏறினார்கள். நோரிஸின் முழங்கால் அந்தப் பொய்யில் போனது. அவன் மனைவியிடம் போனில் சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

நீ சொன்னதை நம்பி நான் பேசாமல் இருந்திருந்தால் நீ செத்திருப்பாய். நம்பாததால் நோரிஸ் முடமானான். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு வேறு வழி எதையும் நீ விட்டுவைக்கவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நோரிஸுக்கு நான்கு வரி. பிறகு அடுத்த பிப்ரவரி.

நான் உன்னைக் காவல் காக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் போன் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில்தான் நீ தூக்கப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் போனாய். நீயே எழுதியிருக்கிறாய், தெம்பு என்று.

இனி உன் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன் என்று சொன்னால் அது பொய். கையில் கிடைத்தால் பிரிப்பேன். போன் பக்கத்தில் உட்காருவேன். மறுபடி யாரையாவது அனுப்புவேன். அதனால் மாதக் கடைசியில் இந்த வீட்டைக் காலி செய்கிறேன். போனைத் துண்டிக்கச் சொல்லிவிட்டேன். தபால் நிலையத்தில் புது முகவரி கொடுக்கவில்லை. மேவிஸுக்கும் தெரியாது, அவளிடம் போய் நிற்காதே. என் இடத்தில் காவல் இருக்கும்படி நோரிஸைக் கேட்காதே. கேட்க உனக்கு முகம் இருக்காது என்று நம்புகிறேன்.

அடுத்த பிப்ரவரியில் நீ அந்த மலையடியில் காரை நிறுத்தும்போது, நீ எங்கே இருக்கிறாய் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அப்போது உனக்குப் பயம் வரவேண்டும். அதற்காகத்தான் போகிறேன். உன்மேல் பிரியம் விட்டுப்போனதால் அல்ல.

அப்படியும் நீ ஏறினால், எனக்குத் தெரியவே வராது.

ஓடீல்